கார்புரேட்டர் கழற்றும் கலை: ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளுக்கு

பழைய பைக் வைத்திருப்பவருக்கு வரும் ஆசைகளில் மூத்தது, கார்புரேட்டரைத் தானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட வேண்டும் என்பது. எஞ்சினைப் பிரிக்கப் புல்லர் வேண்டும். கிளட்சைப் பிரிக்க ஆயில் வடிக்க வேண்டும். கார்புரேட்டர் மட்டும்தான் ஸ்க்ரூடிரைவருக்கு எட்டுகிற தூரத்தில், வெளியே, "என்னைத் தொடேன்" என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வண்டியில் எது கெட்டாலும் பழி அதன் தலையில் விழுவதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வழிகாட்டி அந்த மரபைக் கொஞ்சமும் மீறாமல் எழுதப்பட்டது.

உதாரணத்துக்கு யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு 1985-ல் இந்தியாவுக்கு வந்து, 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். அன்றைக்கு ஷோரூமில் விற்ற விலையைப் போலப் பல மடங்கு இன்றைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறது. அதில் இருப்பது மிக்குனி விஎம்20 கார்புரேட்டர். அந்த 20, அதன் தொண்டையின் அகலம், மில்லிமீட்டரில். அவ்வளவு சின்னத் தொண்டைக்குள் எவ்வளவு பெரிய ஞாயிற்றுக்கிழமையை நுழைக்கலாம் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

நோயைக் கண்டுபிடிப்பது

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டர். ஸ்டார்ட் ஆகி அணைகிறதா? கார்புரேட்டர். இழுவை இல்லையா, மைலேஜ் விழுந்துவிட்டதா, சிக்னலில் நின்றால் திக்குகிறதா? அதுவேதான். ஹாரன் அடிக்கவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த முடிவுக்கு வருமுன் வேறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் போட்டுப் பார்த்தாயா, பிளக் எப்படி இருக்கிறது, ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தாய் என்று அடுக்குவார்கள். இன்னும் விவரமானவர்கள் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைக் காட்டுவார்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அழுக்கில் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகிக் கடைசியில் நின்றுபோகும், வண்டியும் வழியில் நிற்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். குண்டூசியால் குத்தினால் தீர்ந்துவிடுகிற வேலை. ஆனால் குண்டூசி எடுத்தவரை இந்த ஊரில் யாரும் மெக்கானிக் என்று கூப்பிட்டதில்லை. மூடியை விடுங்கள், நேரே கார்புரேட்டருக்கு வாருங்கள்.

தத்துவம், பேச்சுக்கு உதவும் அளவுக்கு

கார்புரேட்டருக்கு ஒரே வேலை, காற்றில் பெட்ரோலைக் கலப்பது. எடைக்கு எடை பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறுகலான தொண்டையில் நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்கு, கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக ஏறிச் சிதறுகிறது. ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இரண்டு எஞ்சினியர்கள் 1893-ல் இப்படி ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டார்கள். தெருவோரப் பூக்காரி ஒருத்தி குழாயில் ஊதிப் பூக்களுக்கு நீர் தெளித்ததைப் பார்த்துத்தான் பாங்கிக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நம் ஊர்ப் பூக்காரம்மா கையால் தெளிக்கிறார், அதனால் நமக்கு அந்தப் பெருமை தவறிவிட்டது.

இதற்கு மேல் தெரிந்துகொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தொடாத நிலையிலிருந்து கால்வாசித் திருகல் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, ஸ்லைடில் தொங்கும் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே எந்த அளவு திருகும்போது வண்டி திக்குகிறது என்று ஒரு தெரு ஓட்டிப் பார்த்தாலே எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஐடிலிங் நிற்காத வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. இதெல்லாம் தெரிந்தவர் ஒரே ஒரு ஜெட்டைக் கழற்றி, ஊதி, மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். பத்து மணிக்கே வேலை முடிந்துவிட்டால் மத்தியானம் வரை வீட்டில் என்ன செய்வது? காய்கறி வாங்கி வரச் சொல்வார்கள்.

கருவிகளும் களமும்

இடம், வீட்டு வாசல். சிமெண்டுத் தரையில் விரிசல் இருந்தால் இன்னும் நல்லது, ஏர் ஸ்க்ரூவின் ஸ்பிரிங்கும் அதன் கீழே இருக்கும் குட்டி ஓ ரிங்கும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமல்லவா. வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையில் சாமான்களை அடுக்கி வேலை செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வண்டிகள் ஓடுகின்றன. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கவனமாக இருங்கள், சரியானது கைக்கு வந்துவிடக் கூடாது. ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் இருக்கிற கூட்டல் குறியும் நம் ஹார்டுவேர் கடை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் நுனியும் பார்வைக்கு ஒன்று, அளவில் வேறு. ஜப்பானியத் தரத்துக்கு ஜேஐஎஸ் என்று பெயர். சாதாரண ஸ்டார் அந்தப் பள்ளத்தில் அடிவரை உட்காராது, பலம் கொடுத்ததும் மேலேறி வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் கூட்டல் குறி வட்டமாகிவிடும். அதன் பிறகு கட்டிங் பிளேயர், அதன் பிறகு உளி, சுத்தியல். கிண்ணத்து ஸ்க்ரூக்கள் அத்தனையும் பழுதில்லாமல் இருக்கிற ஆர்எக்ஸை நீங்கள் எங்காவது பார்த்தால், அதை யாரும் இதுவரை காதலிக்கவில்லை என்று அர்த்தம்.

பெட்ரோல் பிடிக்கச் சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏங்க, அது பாயசக் கிண்ணங்க" என்று குரல் வரும். கழுவித் தருவதாகச் சொல்லுங்கள். இந்த இடத்தில் மட்டும் கேலியை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன்: திறந்த பாத்திரத்தில் பெட்ரோல் இருக்கும்போது அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் பிடிக்கும். பக்கத்தில் நின்று யோசனை சொல்கிற பெரியவர் பீடி பற்ற வைத்தால், மரியாதையெல்லாம் அப்புறம், முதலில் தூரப் போகச் சொல்லுங்கள்.

கழற்றுவது

பெட்ரோல் டேப்பை மூடுவது உங்கள் இஷ்டம். மூடாமல் குழாயைப் பிடுங்கினால் வேலைக்கு ஒரு வேகம் வரும்.

மேல் மூடியைத் திருகித் தூக்கினால் கேபிள், ஸ்பிரிங், ஸ்லைடு, அதில் தொங்கும் நீடில் எல்லாம் சேர்ந்து வரும். நீடிலின் தலைப்பக்கம் ஐந்து பள்ளங்கள், அவற்றில் ஒன்றில் ஒரு கிளிப். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கிளிப்பை இறக்கினால் நீடில் ஏறும், பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாகச் சத்தியம் செய்கிறவர் தெருவுக்கு ஒருவர் உண்டு, அவரை விரோதித்துக்கொள்ளாதீர்கள். கழற்றும்போது கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று பார்க்கவே கூடாது. செல்போனில் படம் எடுப்பது இன்னும் மோசம். மாட்டும்போது விவாதத்துக்கே இடமில்லாமல் போய்விடும். ஏர் ஸ்க்ரூவை உள்பக்கம் முழுக்கத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைப்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை.

கிண்ணத்தைத் திறந்தால் ஃப்ளோட். கழிவறைத் தொட்டியில் மிதக்கிற பந்து செய்கிற அதே வேலையை இங்கே இது செய்கிறது: பெட்ரோல் ஏறினால் தானும் ஏறி ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். இது ஆடுகிற மெல்லிய பின், வார்ப்பிலேயே வந்த இரண்டு தூண்களுக்கு நடுவே செருகியிருக்கும். அந்தத் தூண்களை மிக்குனிக்காரர்கள் எதற்கு அவ்வளவு ஒல்லியாக வார்த்தார்கள் என்று நானும் யோசித்ததுண்டு. பின் வரவில்லை என்று ஆணி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தூண் ஒடியும். முழு கார்புரேட்டரும் புதிதாக வாங்க இது ஒன்றே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்வது

மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் ஒரு பழுப்புப் பிசினாக ஜெட்டில் ஒட்டிக்கொள்கிறது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது, அடைத்துக்கொள்ளப் பிசின் கொஞ்சம் போதும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஒளி தெரியாவிட்டால் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, ஊதி, திரும்பப் பார்ப்பது பொறுமைசாலிகளின் முறை. நம் முறைக்குக் கிளட்ச் கேபிளின் ஒரு இழை வேண்டும். ஜெட் பித்தளை, இழை எஃகு. குத்திக் குடைந்தால் அடைப்பு நிச்சயம் போகும், கூடவே துளையின் ஓரமும் போகும். ஜெட்டின் தலையில் பொறித்த எண் அப்படியே இருக்க, துளை மட்டும் அடுத்த எண்ணுக்குப் பதவி உயர்வு பெற்றுவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்குக் கிடைக்காது.

அடுத்தது பஞ்சர் கடை. "அண்ணே, கொஞ்சம் காத்து." கம்ப்ரஸர் குழாயை வாங்கி, ஜெட்டை இரண்டு விரலில் லேசாகப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். ஜெட் சாலையைக் கடந்து எதிர்ச் சாக்கடைக்குப் போய்விடும். கண்ணுக்கு நேராக ஊதாதீர்கள், சாக்கடையில் தேடக் கண் தேவைப்படும்.

ரப்பர் சாமான்களைக் கிளீனரில் போடக் கூடாது என்பார்கள். போட்டுப் பாருங்கள். ஓ ரிங் ஊதிப் பெருத்துத் தன் பள்ளத்தில் உட்கார மறுக்கும்.

இப்போதைய பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2022-ல் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டியாயிற்று, 2023 முதல் இருபது சதவீதம் கலந்த இ20 வர ஆரம்பித்தது. ஆர்எக்ஸின் ஜெட்டுகளை 1985-ல் முடிவு செய்தவர்கள் இதைக் கனவிலும் காணவில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆகவே அதே ஜெட்டில் அதே அளவு இறங்கினாலும் கலவை 'லீன்' ஆகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், அந்த அடி என்பது உங்கள் கார்புரேட்டர் கிண்ணம். திறந்தால் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது அதன் கைங்கரியம். நிதானமானவர் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கி, பிளக்கின் நிறம் பார்த்து, வேண்டுமானால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றுவார். உங்களுக்கு அரசாங்கத்தைத் திட்ட ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

கிட் வாங்குவது

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ஸ்பேர்ஸ் கடைத் தெரு இருக்கும். "ஒரிஜினலா, லோக்கலா?" என்று கேட்பார்கள். லோக்கல் கிட்டில் கேஸ்கெட், ஃப்ளோட் ஊசி, இரண்டு ஜெட், நீடில் எல்லாம் பளபளவென்று இருக்கும். ஜெட்டில் எண்கூடப் போட்டிருக்கும், அந்த எண்ணுக்கும் துளைக்கும் என்ன உறவு என்பது அதைச் செய்தவருக்குத்தான் வெளிச்சம். உங்களிடம் ஏற்கெனவே இருந்த ஜப்பான் ஜெட் தேயவில்லை, அழுக்காக மட்டும்தான் இருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள். கிட்டில் நிஜமாகவே தேவைப்பட்ட சாமான் ஃப்ளோட் ஊசி ஒன்றுதான், அதன் நுனியில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் பழைய நுனி ரப்பர், புதியது வெறும் உலோகம் என்று கண்டுபிடிப்பதற்குள் கடைக்காரர் பில் போட்டுவிடுவார்.

பூட்டுவதும் ட்யூன் செய்வதும்

ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கத்துக் காடி உள்ளே இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். உட்காராமல் மூடியை அழுத்தித் திருகினால் ஸ்லைடு பாதியில் தொங்கும். முதல் கிக்கிலேயே எஞ்சின் முழு வேகத்தில் அலறும், எதிர்வீட்டு ஜன்னல்கள் திறக்கும். தெருவில் உங்களுக்கு ஒரு பெயர் கிடைக்க இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது வழக்கமான ஆரம்பம். இந்த 'மெதுவாக' என்ற சொல்லைப் பலர் படிப்பதில்லை. பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் கூர்நுனி உள்ளேயே ஒடிந்து தங்கும். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிற ஸ்க்ரூ காற்றை ஆள்கிறது, உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை 'ரிச்'. எஞ்சின் பக்கம் இருக்கிற ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் கதை நேர்மாறு. ஆர்எக்ஸில் கற்ற பாடத்தை அப்படியே நண்பருடைய வண்டியில் செய்து காட்டுங்கள், நட்பின் ஆழம் தெரியும்.

மைலேஜ் மோகம் பிடித்தவர்கள் எல்லாவற்றையும் லீன் பக்கம் தள்ளுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் வருவதில்லை, உள்ளே குளிர்விக்கிற வேலையும் அதற்கு உண்டு. குறைத்துக்கொண்டே போனால் பிளக் வெள்ளையாகும், அப்புறம் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் லாபம், போர் அடிக்கிற செலவு தனி.

இதை மலையோடு சேர்த்தால் முழுமை பெறும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது, சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். வண்டி மந்தமாகும், பிளக் கருக்கும். உடனே அங்கேயே நிறுத்தி, சின்ன ஜெட் போட்டு, நீடிலை இறக்கி அருமையாக ட்யூன் செய்துகொள்ளுங்கள். பிறகு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சாலையில் முழு ஆக்ஸிலேட்டரைத் திருகுங்கள்.

கடைசியில் போய்ச் சேரும் இடம்

இத்தனைக்கும் பிறகு வண்டி டோச்சனில் மெக்கானிக்கிடம் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்ததோடு புது பைக்குகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. இன்றைய பையன்கள் ஸ்கேனரைச் செருகிக் குறையை எழுத்தில் படிக்கிறார்கள். காதால் ட்யூன் செய்கிற ஆட்கள் ஊருக்கு ஓரிருவர், எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் வண்டியைச் சுற்றி வருவார், கிண்ணத்து ஸ்க்ரூக்களின் தலையைக் குனிந்து பார்ப்பார்.

"யார் சார் தொறந்தது?"

"தெரியலண்ணே, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

இந்தப் பதிலை முன்கூட்டியே பயிற்சி செய்துகொள்ளுங்கள். அவர் நம்ப மாட்டார். இருந்தாலும் கேள்வியை அதோடு விட்டுவிடுவார், அந்தத் தலைமுறைக்கு அந்தப் பண்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் வண்டி ஐடிலிங்கில் நின்று சீராகத் துடிக்கும். தரும்போது ஒரு யோசனையும் சொல்வார்: "ரொம்ப நாள் எடுக்க மாட்டீங்கன்னா, பெட்ரோல் டேப்பை மூடிட்டு, வண்டி தானா அணையுற வரைக்கும் ஓடவிட்டு அப்புறம் நிறுத்துங்க சார். கிண்ணம் காலியாயிடும், ஜெட் அடைக்காது."

தலையாட்டிவிட்டு வாருங்கள். செய்துவிடாதீர்கள். டேப்பைத் திறந்தபடியே வண்டியைப் போர்வை போட்டு மூடிவையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்து, மழையெல்லாம் ஓய்ந்து, தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உதைத்துப் பார்த்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்க்ரூடிரைவர் எங்கே வைத்தீர்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.